களியும் பாசியும்: நீரிலிருந்து நுண்பாசியைப் பிரித்தெடுக்கும் முறைகளின் வரலாறு – விருத்தாசலம் பீங்கான் தொழிலை ஒப்புநோக்கி

ஆய்வுச் சுருக்கம்

நுண்பாசி குறித்த வரலாறு பெரும்பாலும் இனங்களைக் கண்டறிந்த வரலாறாகவோ வளர்ப்பு முறைகளின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. வளர்ந்த பாசியை நீரிலிருந்து பிரிக்கும் அறுவடைக் கட்டம் அதில் உரிய இடம் பெறவில்லை. நீரில் தொங்கும் நுண்துகளைப் பிரித்தெடுக்கும் இதே சிக்கலைப் பீங்கான் தொழில் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. விருத்தாசலத்தின் களிமண் பக்குவ முறைகளை ஒப்பீட்டுச் சட்டகமாகக் கொண்டு, படிதல், திரட்டல், வடித்தல், மையவிலக்கு ஆகிய அறுவடை முறைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழகத்தில் சுருள்பாசி சிற்றூர் வீடுகளின் கைக்கு எட்டியதற்கு அதன் இழைவடிவமும் வடிதுணியும் காரணமாயின என்பதும், அது பின்னர் ஆலைத் தொழிலாக நிலைபெற்றதற்கு வடித்தலின் போதாமையைவிட ஈரப்பிழிவைச் சேமிக்க இயலாமையே முதன்மைக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: நுண்பாசி, சுருள்பாசி, அறுவடை, வடிதுணி, களிமண், விருத்தாசலம், தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தமிழகத்தின் பாசியியல் மரபு பெருமைக்குரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மா.ஓ.பா. ஐயங்கார் (1886–1963) தொடங்கிவைத்த ஆய்வும், தி.வே. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பசும்பாசிகள் பற்றிய பெருநூலும் உலக அளவில் மேற்கோளாக விளங்குவன. எனினும் இம்மரபின் வரலாறு எழுதப்படும்போது, நுண்ணோக்கியின் கீழ் காணப்பெற்ற பாசியே பேசப்படுகிறது. தொட்டியில் வளர்ந்து, நீரிலிருந்து பிரிக்கப்பட்டு, உணவாக மாறிய பாசியின் வரலாறு தனித்து எழுதப்படவில்லை.

வளர்ப்புக்குளத்தில் பாசி எவ்வளவு செழித்திருந்தாலும் அதன் செறிவு மிகக் குறைவே. திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்கு அரை கிராம் உலர்பாசி என்பது நல்ல விளைச்சலாகும். ஒரு கிலோ உலர்பாசி பெற ஏறத்தாழ 2,000 லிட்டர் நீரைக் கையாள வேண்டும் என்பது இதன் பொருள். மொத்த உற்பத்திச் செலவில் 20 முதல் 30 விழுக்காடு அறுவடைக்கே செல்கிறது என்பது இத்துறை ஆய்வுகள் அடிக்கடி சுட்டும் மதிப்பீடு. எனவே பாசியை யார் உற்பத்தி செய்ய இயலும், எந்த அளவில் இயலும், யாருக்காக இயலும் என்னும் வினாக்களை வளர்ப்பு மட்டுமன்றி அறுவடையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை அவ்வறுவடையை மையமாகக் கொள்கிறது.

விருத்தாசலத்தில் நுண்பாசித் தொழில் நிகழ்ந்ததாக இக்கட்டுரை கூறவில்லை. நீரில் கலந்த நுண்துகளை நீரிலிருந்து மீட்கும் அறிவு தொழிலாக நிலைபெற்ற ஊர் என்னும் அளவிலேயே அது இங்கு ஒப்புநோக்கப்படுகிறது. பாசியின் இயல்பை விளக்கக் களியின் இயல்பு உதவுகிறது. இரண்டும் வேறுபடும் இடமோ அதனினும் கூடுதலாக உதவுகிறது.

விருத்தாசலம்: களியும் நீரும்

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட விருத்தாசலம், இன்றைய கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூர் பீங்கான் நகரமாக அறியப்படலாயிற்று. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம், பீங்கான் தொழிற்பேட்டை, அரசு நிறுவனமான டாசெல், மின்காப்பான்களும் பொம்மைகளும் செய்யும் சிறு பட்டறைகள் ஆகியன அப்பெயருக்கு அடிப்படையாயின. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் வெண்களிமண் கிடைத்தது. நெய்வேலி ஒருங்கிணைந்த திட்டத்தின் உறுப்புகளுள் ஒன்றாகக் களிமண் கழுவும் ஆலையும் அமைக்கப்பட்டது.

‘கழுவுதல்’ என்னும் இச்சொல் கருதத்தக்கது. தோண்டியெடுத்த களிமண்ணில் மணலும் கல்லும் பிற மாசும் கலந்திருக்கும். அதனை நீரில் கரைத்துக் கலக்கினால் பருமணல் உடனே அடியில் தங்கும். நுண்களி நீரில் தொங்கி நிற்கும். அக்களிக்குழம்பைச் சல்லடையில் செலுத்தித் தொட்டிகளில் படியவைத்து, மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுவர். எஞ்சிய குழம்பை, பட்டறையில் ‘ஃபில்டர் பிரஸ்’ என்றே வழங்கும் அழுத்த வடிப்பானுக்குள் செலுத்துவர். துணி போர்த்திய தட்டுகளுக்கிடையே குழம்பு அழுத்தப்படும்போது நீர் துணி வழியே வெளியேற, களி அடையாகத் தங்கும்.

பொம்மை வார்க்கும் பட்டறையில் நீரகற்றல் வேறொரு வடிவம் பெறுகிறது. களிக்குழம்பைச் சுண்ண அச்சுக்குள் ஊற்றினால், அச்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் உட்சுவரில் களி படலமாகப் படியும். இங்கு அழுத்தமும் இல்லை, பொறியும் இல்லை. உறிஞ்சும் பரப்பு ஒன்றே நீரைப் பிரிக்கிறது. படியவைத்தல், துணியில் வடித்தல், உறிஞ்சவைத்தல் ஆகிய இம்மூன்றும் பாசி அறுவடை வரலாற்றில் மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

துகளின் இயல்பு: படிதலும் திரளலும்

நீரில் ஒரு துகள் படியும் விரைவு, அதன் ஆரத்தின் இருமடிக்கும், துகளுக்கும் நீருக்கும் இடையேயுள்ள அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்பதை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் நிறுவினார். களித்துகளின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு. இவ்விதிப்படி கணக்கிட்டால், 2 மைக்ரான் விட்டமுள்ள களித்துகள் அசைவற்ற நீரில் ஒரு நாளில் ஏறத்தாழ 30 செ.மீ. இறங்கும். பாசிக்கலத்தின் அடர்த்தியோ நீரினும் மிகச் சிறிதளவே கூடுதல். எனவே 5 மைக்ரான் விட்டமுள்ள பாசிக்கலம், களித்துகளினும் பருமனாக இருந்தும், ஒரு நாளில் 10 செ.மீ.க்கும் குறைவாகவே இறங்கும். மேலும் அது உயிருள்ளது, சில இனங்கள் நீந்தும், சில மிதக்கும். படிவுத் தொட்டி களிமண்ணுக்கு உதவுவதுபோல் பாசிக்கு உதவாமைக்கு இதுவே காரணம்.

இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. களித்துகளின் மேற்பரப்பும் பாசிக்கலத்தின் மேற்பரப்பும் பொதுவாக எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒத்த மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நீரில் பரவி நிற்கின்றன. பட்டறையில் குழம்பு இளகி ஓடவேண்டும்போது சோடியம் சிலிகேட்டைச் சேர்த்து இவ்விலக்கத்தை மிகுவிப்பர். மாறாகத் துகள்கள் திரண்டு படியவேண்டுமானால், படிகாரம் போன்ற உப்பைச் சேர்த்து மின்னேற்றத்தைத் தணிப்பர். நுண்பாசி அறுவடையில் துகள்திரட்டல் எனப்படும் முறையும் இதே அடிப்படையில் அமைந்தது.

திரட்டல் என்னும் அறிவு தமிழ்ச் சூழலுக்குப் புதிதன்று. கலங்கல் நீரைத் தேற்றா விதை கொண்டு தெளிவிக்கும் வழக்கம் நெய்தற்கலியில் உவமையாக ஆளப்பட்டுள்ளது. குடத்தின் உட்சுவரில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரூற்றும் வழக்கம் அண்மைக்காலம் வரை சிற்றூர்களில் நிலவியது. முருங்கை விதைப் பொடியைக் கொண்டு குளோரெல்லா பாசியைத் திரட்டும் ஆய்வுகள் இந்நூற்றாண்டில் வெளிவந்துள்ளன. களியும் பாசியும் நேரடியாகச் சந்திக்கும் இடமும் உண்டு: கடலில் மிகைப்பெருக்கம் அடையும் நச்சுப்பாசியைத் திரட்டி அடியில் படியவைக்கத் தென்கொரியாவில் 1996 முதல் மஞ்சள் களிமண் தூவப்பட்டு வருகிறது. ஆனால் அங்கு நோக்கம் பாசியை அகற்றுவது. உண்பதற்காகத் திரட்டும்போது, திரட்டப் பயன்பட்ட பொருளும் பாசியோடு தங்கிவிடும். படிகாரத்தின் அலுமினியம் உணவில் எஞ்சுவது ஏற்கத்தக்கதன்று. கழிவுநீர்த் தூய்மைக்குப் பொருந்திய முறை உணவுப்பாசிக்குத் தடையுற்றமை இதனாலேயே.

அறுவடை முறைகளின் உலக வரலாறு

பொறிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இரு சமூகங்கள் சுருள்பாசியை அறுவடை செய்தன. மெக்சிகோவின் தெஸ்கோகோ ஏரியில் அஸ்தெக் மக்கள் நுண்ணிய வலைகொண்டு பாசியை வாரி, உலர்த்தி, வில்லைகளாக விற்றதைப் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. ஆப்பிரிக்காவின் சாடு ஏரிப்பகுதியில் கனெம்பு இனப் பெண்கள் பாசியைச் சேகரித்து, மணற்குழிகளில் ஊற்றுகின்றனர். மணல் நீரை உறிஞ்ச, எஞ்சிய பாசி வெயிலில் உலர்ந்து ‘திஹே’ என்னும் அடையாகிறது. மணற்குழி இங்குச் சுண்ண அச்சின் வேலையைச் செய்கிறது. இவ்வுணவைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் தாஞ்சார் 1940இல் எழுதினார். பெல்ஜியத் தாவரவியலாளர் ழான் லெயொனார் 1964–65 பயணத்தின்போது அதனை மீண்டும் கண்டறிந்த பின்னரே அறிவுலகம் கவனம் கொண்டது.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆய்வுகள் வேறொரு பாசியைத் தேர்ந்துகொண்டன. 1951இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த முன்னோடி ஆலை குளோரெல்லாவை வளர்த்தது. அப்பணிகளைத் தொகுத்த நூல் 1953இல் வெளிவந்தது. குளோரெல்லா சில மைக்ரான் அளவுள்ள உருண்டையான தனிக்கலம். துணியில் வடித்தால் அது துணி வழியே வெளியேறும். துணியின் கண்ணைச் சிறிதாக்கினால் துணி அடைத்துக்கொள்ளும். எஞ்சிய வழி மையவிலக்கி. நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழலும் அப்பொறி, புவியீர்ப்பினும் பன்மடங்கான விசையால் கலத்தைப் பிரிக்கிறது. அதன் விலையும் மின்செலவும் குளோரெல்லாவை மலிவான மக்கள் உணவாக்கும் கனவைத் தளரச்செய்தன. 1965இல் கலிபோர்னியாவின் கோலூக்கியும் ஆஸ்வால்டும் கழிவுநீர்ப் பாசிக்கான பல்வேறு அறுவடை முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோதும், அறுவடையின் செலவே மையச் சிக்கலாக நின்றது.

இந்தியாவில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 1973இல் தொடங்கிய இந்திய–ஜெர்மன் கூட்டுத்திட்டம் முதலில் சீனெடெஸ்மஸ் என்னும் பசும்பாசியை எடுத்துக்கொண்டது. சில கலங்களே சேர்ந்த அச்சிறு பாசிக்கு மையவிலக்கியும், கடினமான கலச்சுவரை உடைக்க உருளை உலர்த்தியும் தேவைப்பட்டன. பின்னர் அந்நிறுவனத்தின் ஆய்வு சுருள்பாசிக்கும் விரிந்தது. இம்மாற்றத்தைப் புரத அளவின் அடிப்படையில் மட்டும் விளக்குவது முழுமையாகாது. சுருள்பாசியின் இழை சில நூறு மைக்ரான் நீளமுடையது. கண்ணுக்குத் தெரியும் துணியே அதற்குப் போதுமான வடிப்பான். அதன் கலத்தினுள் வளிக்குமிழ்கள் இருப்பதால் அசையாத நீரில் மேலெழுந்து மிதக்கும். கலச்சுவர் மென்மையானதால் எளிதில் செரிக்கும். இனத்தின் தேர்வு அறுவடை முறையின் தேர்வாகவும் அமைந்தது.

பானையும் வடிதுணியும்

தமிழகத்தில் இத்தேர்வுக்குத் தெளிவான சமூக நோக்கை அளித்தது சென்னைத் தரமணியிலுள்ள ஸ்ரீ ஏ.எம்.எம். முருகப்ப செட்டியார் ஆய்வு மையம். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் பேராசிரியராக இருந்த சி.வி. சேஷாத்ரி (1930–1995) இம்மையத்தை வழிநடத்தினார். ஒளிச்சேர்க்கை அமைப்புகளின் பொறியியல் குறித்து மையம் வெளியிட்ட தனிவரைவு நூல்வரிசையில், மண்பானையில் சுருள்பாசி வளர்ப்பது பற்றிய ஜீஜி பாயின் நூல் 1986இல் வெளிவந்தது.

அம்முறை எளிமையானது. சுட்ட மண்பானைகள் கழுத்தளவு மண்ணில் புதைக்கப்படும். நீரோடு சாண எரிவாயுக் கலனின் கழிவுக்குழம்பு, உப்பு, சமையல் சோடா, பாஸ்பேட் உப்பு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்து, விதைப்பாசி இடப்படும். நாளொன்றுக்குச் சில முறை கலக்கிவிட வேண்டும். சில நாள்களில் நீர் அடர்பச்சையாகும். அப்போது துணியில் வடித்து, நல்ல நீரால் கழுவி, ஈரப்பிழிவை அன்றைய சமையலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வறுவடையில் கழுவுதலுக்கும் வடிநீரைத் திருப்பியளித்தலுக்கும் தனி இடம் உண்டு. சுருள்பாசி 9-க்கும் மேற்பட்ட காரத்தன்மையுள்ள நீரில் வளர்வது. மைசூரு நிறுவனத்தின் சிக்கன ஊடகத்திலேயே லிட்டருக்கு 4.5 கிராம் சோடியம் பைகார்பனேட் உள்ளது. கழுவாத பாசி உண்ணத்தக்கதன்று. அதேவேளையில் வடிந்த நீரைக் கொட்டிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய சோடா வீணாகும். எனவே முதல் வடிநீர் பானைக்குத் திரும்ப வேண்டும். கழுவிய நீர் தனியே செல்ல வேண்டும். களிமண் பட்டறையில் தெளிந்த நீர் மீண்டும் கரைப்புத் தொட்டிக்குச் செல்வதுபோன்ற சுழற்சி இது.

துணியில் தங்கிய பிழிவை உலர்த்துவதற்கும் வீட்டுக் கருவி உண்டு. நீர் பிழிந்த பாசியை முறுக்கு அச்சில் இட்டுப் பிழிந்து, மெல்லிழைகளாக வெயிலிலோ மறைவெயிலிலோ காயவைப்பது சிறு பண்ணைகளில் பரவிய முறையாகும். இழையாக்கும்போது காற்றுப்படும் பரப்பு பெருகுவதால் சில மணிநேரத்தில் உலர்கிறது. வடிதுணி, பானை, முறுக்கு அச்சு ஆகிய மூன்றும் பல வீடுகளிலும் உள்ளவை; அவற்றைக் கையாளும் திறனும் பெண்களிடம் ஏற்கெனவே உள்ளது. புதிய அறிவு பாசியை இனங்காண்பதிலும் தூய்மை பேணுவதிலுமே தேவைப்பட்டது.

ஈரமும் உலர்வும்

களிக்கும் பாசிக்கும் உள்ள ஒப்புமை முறியும் இடம் இதுவே. வடிப்பானிலிருந்து எடுத்த களியடையை ஈரம் காயாமல் மூடிவைத்தால் கெடுவதில்லை. நாள்பட நாள்படப் பதமேறி, வனைவதற்கு இணக்கமாகிறது. வடிதுணியிலிருந்து எடுத்த பாசிப்பிழிவோ நம் வெப்பநிலையில் சில மணிநேரத்திலேயே கெடத் தொடங்கும். களிமண் தொழிலில் நீரகற்றலும் பயன்பாடும் காலத்தால் விலகி நிற்கலாம். பாசியில் வடித்த கையோடு உண்ண வேண்டும். அன்றேல் உடனே உலர்த்த வேண்டும்.

இவ்வேறுபாடு சமூக விளைவுடையது. 1990களின் தொடக்கத்தில் சேஷாத்ரியின் மையம் புதுக்கோட்டை வட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 பாலர் பருவக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் சுருள்பாசி வழங்கிய ஊட்டத் திட்டத்தை மேற்கொண்டது. வைட்டமின் ‘ஏ’ குறைவால் கண்ணில் தோன்றும் புள்ளிகள் பெருமளவு குறைந்ததை அதன் அறிக்கை பதிவுசெய்தது. இத்திட்டத்தை அறுவடையின் நோக்கில் கணக்கிடலாம். நாளொன்றுக்கு 5 கிலோ உலர்பாசி வேண்டும். லிட்டருக்கு அரை கிராம் எனக் கொண்டால், அன்றாடம் 10,000 லிட்டர் நீர் வடிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது 2 லிட்டர் நீரின் பாசியே. அது ஒரு வீட்டுப் பானைக்குள் அடங்கும். ஆனால் ஒரே அளவாகவும் ஒரே தரமாகவும் பல ஊர்களுக்கு வழங்கவேண்டிய திட்டத்திற்கு ஈரப்பிழிவு பயன்படாது. எடைபோட்டுப் பொதியத்தக்க உலர்பாசி தேவை. உலர்பாசியோ பானைக்கருகில் அன்றி, உலர்த்தும் வசதியும் தரச்சோதனையும் உள்ள நிலையத்தில் உருவாவது.

ஆகவே பானைமுறை பின்தங்கியமைக்குத் துணியின் போதாமை காரணமன்று என்பது இக்கட்டுரையின் முடிபு. பேரளவுப் பண்ணைகளும் சுருள்பாசியை நுண்கண் சல்லடையில் வடித்தே எடுக்கின்றன; அதுவும் அடிப்படையில் வடிதுணியே. மாற்றம் நிகழ்ந்த இடம் வடித்தலுக்கு அடுத்த கட்டம். சூடான காற்றில் பிழிவைத் தெளித்து நொடிப்பொழுதில் தூளாக்கும் தெளிப்பு உலர்த்தி, பாசியை மாதக்கணக்கில் கெடாத சரக்காக்கியது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் முருகப்பா குழுமத்தைச் சார்ந்த பாரி நிறுவனம் அமைத்த பண்ணை, சுருள்பாசியை உலகச் சந்தைக்கு அனுப்பும் ஊட்டப்பொருள் தொழிலாக வளர்ந்தது. சரக்கான பின், அதனை வாங்கும் ஆற்றலுடையோரை நோக்கி அது சென்றது இயல்பே. குழந்தையின் கண்நோயை முன்னிட்டு ஆராயப்பட்ட பாசி இன்று மாத்திரைக் குப்பிகளில் விற்கப்படுகிறது. இருப்பினும், மதுரையை மையமாகக் கொண்ட ஆன்டெனா அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கான சிற்றளவு உற்பத்தியைத் தொடர்ந்தன. ஆதலின் சிற்றூர் மரபு முற்றிலும் அற்றுவிட்டதாகக் கொள்வது பொருந்தாது.

எதனைச் செலவெனக் கணக்கிடுவது?

சேஷாத்ரியின் பாசிப் பணியை அவருடைய அறிவியல் மெய்யியலோடு இணைத்து நோக்க வேண்டும். வெப்ப இயக்கவியலில் ஆற்றலின் தரத்தை மதிப்பிடும் முறை நடுநிலையானதன்று என்பது அவர் வாதம். உயர்வெப்பத்தில் இயங்கும் பொறியை அது மேம்பட்டதாகக் காட்டுகிறது. சூழலின் வெப்பநிலையிலேயே அமைதியாக நிகழும் இயற்கைப் பணிகளுக்கு உரிய மதிப்பளிப்பதில்லை என அவர் கருதினார்.

அறுவடை முறைகளின் ஒப்பீட்டில் இவ்வாதம் உறுதிபெறுகிறது. மையவிலக்கி, தெளிப்பு உலர்த்தி ஆகியவற்றின் மின்செலவு அலகு அலகாகக் கணக்கிடப்படுகிறது. மணற்குழி உறிஞ்சும் நீரும், வெயில் அகற்றும் ஈரமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாதவை ‘பழையன’ என்றும் ‘திறன் குறைந்தன’ என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. வடிதுணியைப் பிடிக்கும் கைகளின் உழைப்பும் கணக்கில் ஏறுவதில்லை. நாள்தோறும் கலக்கி, வடித்து, கழுவி, உலர்த்தும் பணி பெரிதும் பெண்களின் வீட்டுவேலையோடு சேர்ந்துவிடுகிறது. பொறியற்ற முறை செலவற்றது எனப் போற்றும் எழுத்துகள் இவ்வுழைப்பை மறைத்துவிடும் இடருடையன. வெயிலைக் கணக்கில் சேர்க்கக் கோருவோர் கையையும் சேர்த்தாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. களித்துகளும் பாசிக்கலமும் அளவாலும் மின்னேற்றத்தாலும் ஒப்புமையுடையன, அடர்த்தியால் வேறுபடுவன. களிமண் தொழிலின் வடித்தல், திரட்டல், உறிஞ்சவைத்தல் ஆகிய முறைகள் பாசி அறுவடையிலும் காணப்படுகின்றன; படியவைத்தல் மட்டும் அந்த அளவு பயன்தரவில்லை.

2. குளோரெல்லா, சீனெடெஸ்மஸ் ஆகியவற்றின் நுண்ணுருவம் மையவிலக்கியை வேண்டியது. சுருள்பாசியின் இழைவடிவம் வடிதுணியை அனுமதித்தது. தெஸ்கோகோ, சாடு, தமிழகச் சிற்றூர் ஆகிய மூன்றிடத்தும் எளிய கருவியால் அறுவடை இயன்றமைக்கு இதுவே அடிப்படை.

3. தமிழகத்தில் சுருள்பாசி பானையிலிருந்து ஆலைக்கு நகர்ந்ததற்கு வடித்தல் முறை தடையாகவில்லை. ஈரப்பிழிவு விரைவில் கெடுதலும், அதனால் உலர்த்தும் வசதி தவிர்க்க இயலாததாதலும் முதன்மைக் காரணங்களாயின.

பாசியை மீண்டும் ஊட்டக்குறைவுள்ள வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க முனையும் திட்டங்கள், விளைச்சலைப் பெருக்குவதோடு நிற்காமல், வடித்த சில மணிநேரத்திற்குள் அப்பாசி எங்கே, யாரால், எவ்வாறு உலர்த்தப்படும் என்பதை முதலிலேயே திட்டமிட வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. விருத்தாசலத்துக் களியடை மறுநாள் வரை காத்திருக்கும். வடிதுணியில் தங்கிய பாசி காத்திருப்பதில்லை.